காதிஸ் போகத் திட்டமிடுகிறீர்களா? விசா முதல் வறுத்த மீன் வரை ஒரு வழிகாட்டி

ஸ்பெயின் போகிறவர்கள் பார்சலோனா, மாட்ரிட், செவில்யா என்று முடித்துக்கொள்கிறார்கள். தெற்கே அட்லாண்டிக் கரையில் இருக்கும் காதிஸ் யாருடைய பட்டியலிலும் இருப்பதில்லை. இருந்தாலும் "செவில்யாவிலிருந்து ஒரு பகல் போய் வரலாம்" என்ற ஒற்றை வரியாகத்தான் இருக்கும். அப்படிப் போனால் வெயில் உச்சியில் இறங்கி, சொகுசுக் கப்பலில் வந்திறங்கும் கூட்டத்தோடு தேவாலயத்தைச் சுற்றி, ஊர் விழித்துக்கொள்ளும் மாலை நேரத்தில் ரயிலேற வேண்டியிருக்கும். குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். அதற்கு என்ன செய்ய வேண்டும், எங்கே மாட்டிக்கொள்ள வாய்ப்பு உண்டு, எவ்வளவு செலவாகும் என்பதைக் கீழே வரிசையாக எழுதியிருக்கிறேன். இந்தத் தகவல்களைத் துண்டு துண்டாகத் தேடிச் சேர்ப்பதற்குள் நான் பட்ட பாடு போதும்.

1. முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் விலையைப் பார்த்து மாதத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இந்த ஊரில் நாட்காட்டிதான் செலவைத் தீர்மானிக்கிறது.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் முதல் பாதி ஆகியவை நல்ல காலம். மூன்று பக்கமும் கடல் சூழ்ந்திருப்பதால் கோடையிலும் செவில்யா அளவுக்குக் கொதிக்காது. அங்கே 38 டிகிரி அடிக்கும் நாளில் இங்கே 28 இருக்கும். அதே காரணத்தால் ஆகஸ்டில் உள்நாட்டுக் கூட்டம் இங்கே குவிகிறது, அறை வாடகையும் எகிறுகிறது. குளிர்காலம் லேசானதுதான். ஆனால் நவம்பர், டிசம்பரில் மழை உண்டு.

கவனிக்க வேண்டிய மூன்று காலங்கள் இவை. பிப்ரவரியை ஒட்டி வரும் கார்னிவல், ஈஸ்டருக்கு முந்தைய வாரம், ஏப்ரல் கடைசியை ஒட்டி ஹெரேஸில் நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயம். பந்தயம் பக்கத்து ஊரில்தானே என்று நினைக்காதீர்கள். காதிஸ் வளைகுடாவை ஒட்டிய ஊர்கள் முழுவதும் அறைகள் நிரம்பிவிடும். கார்னிவலுக்கென்றே போவதாக இருந்தால் பல மாதங்களுக்கு முன்பே அறை பிடியுங்கள். முகமூடி ஊர்வலத்தைவிட, தெருமுனையில் நின்று அரசியல்வாதிகளைக் கிண்டலடித்துப் பாடும் குழுக்கள்தான் அதன் உயிர். மொழி தெரியாவிட்டால் பாதி நகைச்சுவை போய்விடும். முதல் முறை போகிறவர்களுக்குக் கார்னிவலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2. விசா

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு ஷெங்கன் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) குறுகிய கால விசா வேண்டும். ஷெங்கன் நாடொன்றில் வசிப்பிட அனுமதி வைத்திருப்பவர்களும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டுக்காரர்களும் விசா பற்றிய இந்தப் பகுதியைப் படிக்காமல் அடுத்ததற்குப் போகலாம்.

விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். கடைசி வரம்பு 15 நாள். அந்த வரம்பை நம்பி இருக்காதீர்கள். முடிவு சொல்ல அவர்களுக்கு 15 நாள் அவகாசம் உண்டு, தேவைப்பட்டால் 45 நாள் வரை நீட்டலாம். கோடை விடுமுறையை ஒட்டி நேர ஒதுக்கீடு கிடைப்பதே பெரும்பாடு. மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள்.

கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 வயது முதல் 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே இலவசம். விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுக்கப்பட்டாலும் பணம் திரும்பாது. மையத்தில் குறுஞ்செய்தி, கூரியர், தனி அறை என்று வரிசையாகக் கேட்பார்கள். இவை எல்லாம் உங்கள் விருப்பம்தான், கட்டாயம் கிடையாது.

கையில் இருக்க வேண்டியவை:

- கடவுச்சீட்டு. கடந்த 10 ஆண்டுக்குள் கொடுக்கப்பட்டதாகவும், திரும்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாவதாகவும், இரண்டு வெற்றுப் பக்கங்கள் உள்ளதாகவும் இருக்க வேண்டும்.
- 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும்.
- போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் தங்குமிட முன்பதிவு.
- வங்கிக் கணக்கு அறிக்கை, வருமான வரிக் கணக்கு, சம்பளச் சீட்டு, அலுவலக விடுப்புக் கடிதம். சொந்தத் தொழில் செய்கிறவர்கள் தொழில் பதிவுச் சான்று.
- நாள்வாரியான பயணத் திட்டத்தோடு ஒரு விளக்கக் கடிதம்.

பணம் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதற்கு ஸ்பெயின் ஓர் அளவு வைத்திருக்கிறது. 2025ல் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 118.40 யூரோ, மொத்தமாகக் குறைந்தது 1,065.60 யூரோ. அந்நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தோடு இது மாறும். அதனால் விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் உறவினரிடம் வாங்கிக் கணக்கில் போடும் பெருந்தொகை உதவாது. சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

இரண்டு பொறிகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டின் தூதரகத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும். பாரிஸில் ஐந்து நாள், காதிஸில் மூன்று நாள் என்று திட்டம் போட்டுவிட்டு, நேர ஒதுக்கீடு எளிதாகக் கிடைக்கிறதென்று ஸ்பெயின் தூதரகத்தில் விண்ணப்பித்தால் மறுப்புக் கடிதம் வரலாம். அடுத்தது, நண்பர் வீட்டில் தங்குவது. ஓட்டல் செலவு மிச்சம் என்று தோன்றும். ஆனால் அந்த நண்பர் அங்குள்ள காவல் நிலையத்தில் முறையான அழைப்புக் கடிதத்துக்கு விண்ணப்பித்து, கட்டணம் கட்டி, அது கிடைத்ததும் மூலப் பிரதியை உங்களுக்கு அனுப்ப வேண்டும். வெறும் மின்னஞ்சல் அழைப்பு செல்லாது. சில நாள் பயணத்துக்கு இந்த அலைச்சல் தேவையா என்று யோசியுங்கள். இலவசமாக ரத்து செய்யக்கூடிய ஓட்டல் அறையே சுலபம்.

முன்பு ஷெங்கன் விசாவுக்காகக் கைரேகை கொடுத்து 59 மாதம் ஆகவில்லை என்றால் அதையே மறுபடி பயன்படுத்துவார்கள். பழைய விசாப் பக்கத்தின் நகலை இணைத்துவிடுங்கள்.

3. போய்ச் சேரும் வழி

சென்னையிலிருந்து ஸ்பெயினுக்கு நேரடி விமானம் இல்லை. வளைகுடா நாடுகள் வழியாகவோ இஸ்தான்புல் வழியாகவோ மாட்ரிட் போவதுதான் வழக்கமான பாதை. காதிஸில் விமான நிலையமும் இல்லை. பக்கத்தில் உள்ளது ஹெரேஸ். அங்கிருந்து நகருக்கு ரயில் உண்டு. ஆனால் விமானங்கள் குறைவு. செவில்யாவுக்கு ஐரோப்பிய ஊர்களிலிருந்து நிறைய விமானங்கள் உண்டு.

மாட்ரிட்டின் அத்தோச்சா நிலையத்திலிருந்து காதிஸுக்கு நேரடி ரயில் நாளொன்றுக்குச் சில உண்டு. நான்கரை மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும். அது அமையாவிட்டால் அதிவேக ரயிலில் இரண்டரை மணி நேரத்தில் செவில்யா போய், அங்கே காதிஸ் ரயிலுக்கு மாறலாம். செவில்யாவிலிருந்து ஒன்றே முக்கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், 15 முதல் 20 யூரோ.

இந்த இரண்டு வகை ரயில்களின் கட்டண முறையும் வேறு. மாட்ரிட் ரயிலுக்கு விமானம் மாதிரி விலை ஏறும், சீக்கிரம் வாங்கினால் லாபம். செவில்யா–காதிஸ் ரயிலுக்கு விலை ஏறுவதில்லை. அதை ஒரு மாதம் முன்பே வாங்கி, விமானம் தாமதமானதும் பதறிக்கொண்டிருக்கத் தேவையில்லை. வெள்ளி மாலை, ஞாயிறு மாலை, கார்னிவல் நாட்கள் மட்டும் விதிவிலக்கு. அப்போது இடமே கிடைக்காது.

மாட்ரிட்டில் இறங்குகிறவர்கள் விமானத்துக்கும் ரயிலுக்கும் நடுவே நான்கு மணி நேரமாவது விடுங்கள். 2025 அக்டோபர் 12ல் தொடங்கிய புதிய எல்லைப் பதிவு முறையில், முதல் முறை நுழையும்போது முகப் படமும் தேவைப்பட்டால் கைரேகையும் எடுக்கிறார்கள். வரிசை நீளும். அப்புறம் நகருக்குள் போக வேண்டும். விமான நிலைய மஞ்சள் பஸ் 5 யூரோ, பகலில் அத்தோச்சா வரை போகும். நீண்ட தூர ரயில்களில் ஏறும் முன் பெட்டிகளை எக்ஸ்ரே வழியாக அனுப்ப வேண்டும். ரயில் புறப்படச் சில நிமிடம் இருக்கும்போதே வாயிலை மூடிவிடுவார்கள். ஓடி ஏறும் பேச்சே கிடையாது.

இந்திய வங்கி அட்டையில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையையும் இணையப் பரிவர்த்தனையையும் வங்கிச் செயலியில் தனித்தனியாக இயக்கி வைக்க வேண்டும். ஊருக்குப் போனபின் ஓடிபி வரவில்லை என்று நிற்காதீர்கள். முக்கியமான டிக்கெட்டுகளை இங்கிருந்தே வாங்கிவிடுங்கள்.

4. எங்கே தங்குவது

காதிஸ் இரண்டு துண்டு. புவெர்தாஸ் தெ தியெரா என்ற பழைய கோட்டை வாசலுக்கு உள்ளே இருப்பது பழைய நகரம். வெளியே நீண்ட கடற்கரையும் அடுக்குமாடிகளும் கொண்ட புதிய நகரம்.

பழைய நகரத்தில் தங்கினால் எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். ஒரு கரையிலிருந்து மறு கரைக்கு அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனால் கட்டடங்கள் பழையவை. பலவற்றில் லிஃப்ட் இல்லை. முன்பதிவு செய்யும்போது எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, அறையின் ஜன்னல் வெளியே திறக்கிறதா அல்லது உள்முற்றத்திலா என்று மூன்றையும் எழுதிக் கேளுங்கள். பெற்றோரைக் கூட்டிப்போகிறவர்கள் இதைக் கேட்காமல் பணம் கட்டவே கூடாது. லா வின்யா பகுதி சாப்பாட்டுக்கு அருமை, வார இறுதித் தூக்கத்துக்குக் கொடுமை. மினா சதுக்கம், சான் அந்தோனியோ சதுக்கம் பக்கம் கொஞ்சம் அமைதியாக இருக்கும்.

புதிய நகரத்தில் லா விக்தோரியா கடற்கரையை ஒட்டி லிஃப்டும் விசாலமான அறையும் கிடைக்கும். புறநகர் ரயிலுக்கு அங்கேயே நிறுத்தங்கள் உண்டு. குழந்தைகளோடு கடலில் குளிப்பதுதான் முக்கிய நோக்கம் என்றால் இதுவே மேல்.

இருவர் அறை சாதாரண நாட்களில் 70 முதல் 120 யூரோ, ஆகஸ்டில் அதற்கும் மேலே. ஓட்டலில் கடவுச்சீட்டைக் கேட்டு, வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் பதிவார்கள். பயப்பட வேண்டாம், அந்நாட்டுச் சட்டப்படி விருந்தினர் விவரங்களைக் கட்டாயம் பதிய வேண்டும். சீட்டைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள், அங்கேயே விட்டுவிட்டு வராதீர்கள்.

வாடகைக் கார் வேண்டாம். பழைய நகரத்தின் சந்துகளில் ஓட்டவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. தரையடி நிறுத்துமிடத்துக்குக் கொடுக்கும் பணத்தில் நல்ல மதிய உணவே சாப்பிடலாம்.

5. காற்றைப் பார்த்து நாளைத் திட்டமிடுங்கள்

எந்தக் கையேட்டிலும் இதைப் பெரிதாகப் போடுவதில்லை. உள்ளூர்க்காரர்களோ காலையில் முதலில் பேசுவதே காற்றைப் பற்றித்தான். கிழக்கிலிருந்து வரும் லெவாந்தே சூடானது, வறண்டது, கிளம்பினால் பல நாள் விடாமல் வீசும். அந்த நாட்களில் விக்தோரியா கடற்கரையில் துண்டு விரித்தால் மணல் ஊசியாய்க் குத்தும். மேற்கிலிருந்து வரும் போனியெந்தே குளிர்ச்சியானது, ஈரமானது. ஜூன் மாத இரவிலும் மெல்லிய மேலங்கி தேவைப்படும்.

ஸ்பெயினின் அரசு வானிலைச் சேவையான ஆயெமெத்தின் முன்னறிவிப்பை முந்தின இரவு பாருங்கள். லெவாந்தே என்றால் காலையில் அருங்காட்சியகம், நகரத்துச் சந்துகள். கடலில் இறங்கியே ஆக வேண்டும் என்றால் மேற்கு நோக்கிய லா கலேத்தா ஓரளவு மறைவானது. இது இரண்டு கோட்டைகளுக்கு நடுவே, பழைய நகரத்துக்குள்ளேயே உள்ள சின்னக் கடற்கரை. இங்கே இன்னொன்றையும் பார்க்க வேண்டும், அது அலை ஏற்ற இறக்கம். அட்லாண்டிக் என்பதால் சில நாட்களில் நீர்மட்டம் மூன்று மீட்டருக்கும் மேலே ஏறி இறங்கும். நீர் ஏறியிருக்கும்போது மணல் சுருங்கிவிடும். இறங்கியிருக்கும்போது பாறைகளும் குட்டைகளும் வெளியே வரும், குழந்தைகளுக்குக் கொண்டாட்டம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்காதீர்கள்.

6. பார்க்க வேண்டியவை, கிழமை வாரியாக

திங்கட்கிழமை இங்கே வீண் நாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். காதிஸ் அருங்காட்சியகம் மூடியிருக்கும். பொம்மலாட்ட அரங்குக்கு அடியில், பழங்காலக் கடல் வணிகர்களான பினீசியர்களின் ஊர் எச்சங்கள் இருக்கும் காதிர் அகழ்வாய்வுத் தளமும் மூடியிருக்கும். ஞாயிறன்று படகுகள் கடலுக்குப் போகாததால் சந்தையிலும் மீன் குறைவு. வெளியூர் போகத் திங்களை ஒதுக்குங்கள்.

காதிஸ் அருங்காட்சியகத்தில் ஐரோப்பிய ஒன்றியக் குடிமக்களுக்கு இலவசம், நமக்கு 1.50 யூரோ. ஆண் ஒன்று, பெண் ஒன்று என இரண்டு பினீசியக் கல் சவப்பெட்டிகள் அங்கே இருக்கின்றன. அவற்றுக்காக மட்டுமே போகலாம். அகழ்வாய்வுத் தளம் இலவசம். ஆனால் குறிப்பிட்ட நேரங்களில் சிறு குழுவாகத்தான் உள்ளே விடுகிறார்கள். முன்கூட்டியே இடம் பிடியுங்கள். ரோமானிய அரங்கமும் சாந்தா கத்தலினா கோட்டையும் இலவசம்.

தோரே தவீரா கோபுரத்துக்குக் கட்டணம் உண்டு, கொடுக்கலாம். உச்சியில் ஓர் இருட்டறை. கண்ணாடியும் வில்லையும் வழியாக, ஓடிக்கொண்டிருக்கும் நகரத்தின் உயிருள்ள படம் வட்டத் திரையில் விழும். குழுக்குழுவாக விடுவார்கள், மொழிக்கு ஏற்ப நேரம் மாறும். ஆங்கில நேரத்தைக் கேட்டு டிக்கெட் வாங்குங்கள். வெயில் பளிச்சென்று இருக்கும்போதுதான் படம் தெளிவாகத் தெரியும்.

தேவாலயத்துக்குப் போகும் முன் துறைமுகத்தின் கப்பல் அட்டவணையைப் பாருங்கள். பெரிய சொகுசுக் கப்பல் நிற்கும் நாளில் காலை பத்து முதல் மாலை நான்கு வரை அந்தப் பகுதியில் நெரிசல். அன்றைக்கு மாலையில் போங்கள். இல்லையென்றால் உள்ளே போகாமல், காம்போ தெல் சூர் கடலோரச் சாலையிலிருந்து மஞ்சள் ஓடு வேய்ந்த குவிமாடத்தைப் பாருங்கள். என் கணக்கில் உள்ளே பார்ப்பதைவிட அதுதான் அழகு.

பணமே செலவில்லாமல் செய்யக்கூடியது கடலோர நடை. அலமேதா பூங்காவில் தொடங்கி, ஹெனோவெஸ் பூங்கா, லா கலேத்தா, காம்போ தெல் சூர் என்று கடலை வலக்கைப் பக்கம் வைத்துச் சுற்றுங்கள். ஜூன் கடைசியில் ஒன்பதே முக்காலுக்கு மேல்தான் சூரியன் மறையும். எட்டரைக்குக் கிளம்பினால் லா கலேத்தாவில் இருக்கும்போது மறையும்.

7. சாப்பாடு

நேரம் பிசகினால் பட்டினிதான். மதிய உணவு ஒன்றரை முதல் நான்கு வரை, இரவு உணவு எட்டரைக்கு மேலே. நடுவில் பல சமையலறைகள் மூடிவிடும். பிற்பகல் இரண்டு முதல் ஐந்து வரை சின்னக் கடைகளும் மூடியிருக்கும், ஞாயிறன்று பெரும்பாலும் எல்லாமே.

மீன் சாப்பிடுகிறவர்களுக்கு இது சொர்க்கம். மசாலா காடியில் ஊறவைத்துப் பொரித்த சுறா, சூரை மீன், கோடைக்குக் கூனிறால் போட்ட மொறுமொறு தோர்த்தியிதா. இந்தக் கடைசி வகையில் கடலை மாவு சேர்வதால் நம் வடையின் தூரத்துச் சொந்தக்காரன் மாதிரி இருக்கும், ஆனால் காகிதம் போல மெல்லியது. பொரித்த மீன் கடைகளில் எடைபோட்டுக் காகிதத்தில் கட்டித் தருவார்கள், இருவருக்குக் கால் கிலோவில் தொடங்குங்கள்.

உணவகப் பட்டியலில் மூன்று அளவு இருக்கும். தாப்பா சின்னது, மெதியா ரசியோன் பாதித் தட்டு, ரசியோன் முழுத் தட்டு. தாப்பா மூன்று நான்கு யூரோ, முழுத் தட்டு 10 முதல் 16 வரை. மீன் பெயருக்கு எதிரே விலைக்குப் பதில் "சந்தை விலை" என்று எழுதியிருந்தால் சமைக்கும் முன்பே விலையைக் கேளுங்கள். முழு மீனைத் தட்டில் கொண்டுவந்து காட்டி "நல்லா இருக்கா?" என்று கேட்கும்போது தலையாட்டினால் பில்லில் தெரியும். கேட்காமலே வைக்கும் ரொட்டிக்கும் ஆளுக்கு ஒன்று ஒன்றரை யூரோ பிடிப்பார்கள். வேண்டாமென்றால் தொடாமல் திருப்பிக் கொடுங்கள்.

சைவர்கள் கொஞ்சம் தயாராகத்தான் போக வேண்டும். உருளைக்கிழங்கை வெங்காயம், ஆலிவ் எண்ணெய், காடியோடு பிசறிய பாப்பாஸ் அலின்யாஸ் நல்ல தேர்வு. ஆனால் மேலே சூரை மீனைத் தூவி விடுவார்கள். சல்மோரேஹோ என்ற தக்காளிக் கூழில் பன்றி இறைச்சித் துண்டும் முட்டையும் வரும். "சின் கார்னே, சின் பெஸ்காதோ, சின் ஹமோன்" என்று சொல்லுங்கள், இறைச்சி, மீன், பன்றித்தொடை எதுவும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். வெறுமனே "சைவம்" என்று சொன்னால் பல இடங்களில் சூரை மீனைக் கணக்கில் எடுப்பதில்லை. கத்தரிக்காய்ப் பொரியல், கீரையோடு கொண்டைக்கடலை, உருளைக்கிழங்கு ஆம்லெட், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி ஆகியவையும் கிடைக்கும். குழாய்த் தண்ணீர் குடிக்கலாம்.

8. ஒரு பகல் வெளியூர்

ரயில் நிலையத்துக்குப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து எல் புவெர்த்தோ தெ சாந்தா மரியாவுக்குப் படகு, அரை மணி நேரம், மூன்று யூரோ அளவில். சுற்றுலாப் படகுக்குப் பல மடங்கு கொடுப்பதற்குப் பதில் இந்தப் பொதுப் போக்குவரத்துப் படகில் அதே வளைகுடாவைப் பார்க்கலாம். காற்று பலமானால் ஓடாது. அன்றைக்குத் திரும்ப ரயில் இருக்கிறது, கவலையில்லை. ஹெரேஸுக்குப் புறநகர் ரயிலில் முக்கால் மணி நேரம். பொலோனியா கடற்கரையின் ரோமானிய நகர இடிபாடுகள் அழகானவை, ஆனால் கார் இல்லாமல் போவது வதை. இந்த முறை விட்டுவிடுங்கள்.

9. பணமும் திரும்பும் நாளும்

இருவருக்கு அறை நீங்கலாக நாளொன்றுக்கு 70 முதல் 90 யூரோ வைத்தால் தாராளமாகச் சாப்பிட்டு, டிக்கெட் வாங்கி, படகும் ஏறலாம். அட்டை எல்லா இடத்திலும் செல்லும். சின்ன மதுக்கடைகளுக்காகக் கொஞ்சம் ரொக்கம் வையுங்கள். இயந்திரம் "ரூபாயிலா, யூரோவிலா" என்று கேட்டால் எப்போதும் யூரோவைத் தேர்ந்தெடுங்கள். ரூபாய் என்று அழுத்தினால் அவர்கள் வைத்த மாற்று விகிதத்தில் நஷ்டம்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர்கள் வாங்கிய பொருளுக்கு வரியைத் திரும்பப் பெறலாம். ஸ்பெயினில் இதற்குக் குறைந்தபட்சத் தொகை கிடையாது. கடையிலேயே அதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கி, விமான நிலையத்தில் பெட்டியை ஒப்படைக்கும் முன் அங்குள்ள இயந்திரத்தில் பதிவு செய்யுங்கள். பெட்டி போனபின் பொருளைக் காட்டச் சொன்னால் சிக்கல்.

செவில்யாவிலிருந்து விடிகாலை விமானம் என்றால் முந்தின இரவே அங்கே போய்த் தங்கிவிடுங்கள். காதிஸின் முதல் ரயில் அதற்கு உதவாது, டாக்சிக்கு நூறு யூரோவுக்கு மேல் ஆகிவிடும்.